குழந்தைகளோடு ஒரு நாள் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறீர்களா? முதல் தடவைக்கான செய்முறை

முதல் தடவை நாங்கள் நான்கு பேரும் ஆற்றுக்குப் போனபோது ஆளுக்கு ஒன்றாக நான்கு தூண்டில் கோல்கள் கொண்டுபோனோம். அன்று முழுக்க நான் செய்த ஒரே வேலை சிக்கெடுப்பது. ஒரு தூண்டில் நரம்பு மரக்கிளையில், இன்னொன்று பாறை இடுக்கில், மூன்றாவது என் சட்டைக் காலரில். மீன் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான்கு பேருக்கு இரண்டு கோல் போதும். ஒருவர் வீசட்டும், ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்கட்டும். பெரும்பாலும் மீனை முதலில் கண்டுபிடிப்பது அந்தச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள்தான்.

1. கிளம்பும் முன்

டிரவுட் வாழும் பல ஆறுகளில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தூண்டில் போட முடியாது. அந்த ஆற்றுக்குப் பொறுப்பான மீன்வளத் துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: யார் யாருக்குச் சீட்டு வேண்டும், இது தடைக்காலமா, எந்த அளவுக்குக் கீழே உள்ள மீனைத் திருப்பி விட வேண்டும், ஒருவர் எத்தனை மீன் எடுத்துப் போகலாம். அப்புறம், பலரும் கேட்க மறப்பது: புழு போடலாமா? சில ஆறுகளில் செயற்கை இரை மட்டும்தான் அனுமதி. பழுப்பு டிரவுட் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் முட்டையிடும், வானவில் டிரவுட் பெரும்பாலும் வசந்தத்தில். தடைக்காலமும் அதையொட்டியே இருக்கும்.

நாள் குறிக்கும்போது தண்ணீரின் சூட்டைக் கவனியுங்கள். டிரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நன்றாக இரை எடுக்கும். 20 டிகிரியை நெருங்கினால் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுங்கள். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். இழுபட்டுக் களைத்த மீனை அதில் திருப்பி விட்டாலும் பிழைப்பது கஷ்டம். ஒரு தெர்மாமீட்டரைக் கயிற்றில் கட்டிக் குழந்தையிடம் கொடுங்கள், மணிக்கு ஒரு தடவை அளந்து சொல்லும் வேலை அதற்கு. வெயில் காலமாக இருந்தால் விடிகாலையில் ஆற்றங்கரையில் இருக்க வேண்டும்.

2. என்னென்ன வேண்டும்

சுமார் ஆறடி நீளமுள்ள லேசான கோல், நரம்பைச் சுருட்ட ஒரு சின்ன ஸ்பின்னிங் ரீல், இரண்டு மூன்று கிலோ எடை தாங்கும் நைலான் நரம்பு. தடித்த நரம்பு என்றால் தெளிந்த நீரில் மீன் கண்டுபிடித்துவிடும். தூண்டில் முள் 8 முதல் 12 வரையான எண்களில் இருக்கட்டும் (எண் கூடக் கூட முள் சிறியது). எடைக்குச் சில சின்னக் குண்டுகள், ஒரு தக்கை, இரண்டு மூன்று சிறிய ஸ்பின்னர்கள் (இழுக்கும்போது தகடு சுழலும் செயற்கை இரை), நீண்ட மூக்குக் குறடு, கைவலை. ஈயக்குண்டுக்குச் சில நாடுகளில் தடை உண்டு, வேறு உலோகக் குண்டுகளும் கிடைக்கின்றன. ஈ போன்ற இரையை வீசிப் பிடிக்கும் வகை அழகானதுதான். ஆனால் அதைக் குழந்தைகளோடு போகும் முதல் நாளில் கற்றுக்கொள்ளப் பார்க்காதீர்கள்.

முள்ளின் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கூர் இருக்கும். அதைக் குறடால் அழுத்தி மழுக்கிவிடுங்கள். மீனைக் கழற்றுவதும் எளிது, யாருடைய விரலிலாவது ஏறிவிட்டால் எடுப்பதும் எளிது. எல்லோருக்கும் தொப்பியும் கண்ணாடியும் கட்டாயம். இதில் மட்டும் குழந்தைகளிடம் பேரம் பேசாதீர்கள்.

3. முடிச்சு

வீட்டிலேயே பத்துத் தடவை போட்டுப் பழகுங்கள். நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழைத்து, மேலே போகும் நரம்பைச் சுற்றி ஐந்தாறு முறை முறுக்குங்கள். நுனியைத் திருப்பிக் கொண்டுவந்து காதை ஒட்டிய சின்ன வளையத்துக்குள் விடுங்கள். அதனால் உண்டாகும் பெரிய வளையத்துக்குள்ளும் ஒரு முறை விட்டு, எச்சிலால் நனைத்து மெல்ல இறுக்குங்கள். நனைக்காமல் இழுத்தால் உரசலில் சூடேறி நரம்பு பலம் குறையும். முள்ளுக்கு ஒரு சாண் மேலே ஒரு குண்டு போதும்.

4. மீன் எங்கே நிற்கும்

ஆற்றுக்குப் போனதும் கோலை விரிக்காதீர்கள். பத்து நிமிடம் பாருங்கள். டிரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து நிற்கும், அடித்து வரும் பூச்சியும் புழுவும் நேரே வாய்க்கு வரும். ஆனால் வேகமான ஓட்டத்திலேயே நின்றால் தின்பதைவிட நீந்துவதற்கே அதிகம் செலவாகும். ஆகவே வேகமான நீரும் மெதுவான நீரும் உரசும் இடத்தில், மெதுவான பக்கம் காத்திருக்கும். பெரிய பாறையின் முன்னும் பின்னும், குடைந்த கரைக்கு அடியில், விழுந்து கிடக்கும் மரத்தின் நிழலில், சலசலத்து ஓடும் நீர் மடுவில் இறங்கும் வாயில் தேடுங்கள். நுரை எந்தக் கோட்டில் மிதந்து போகிறதோ, இரையும் அதே கோட்டில்தான் போகும். அந்தக் கோட்டைக் குழந்தைகளுக்குக் காட்டினால் அதன்பின் அவர்களே இடம் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

5. எப்படி நிற்பது

என் கணக்கில் பாதி வேலை இதுதான். மீன் ஓட்டம் வரும் பக்கம் பார்த்து நிற்பதால் நீங்கள் அதற்குக் கீழே, அதாவது ஓட்டம் போகும் பக்கத்தில் இருந்து அணுக வேண்டும். நிழல் தண்ணீரில் விழக் கூடாது. குனிந்து, முடிந்தால் முழங்காலிட்டு வீசுங்கள், பளிச்சென்ற நிறச் சட்டை வேண்டாம்.

சத்தத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி. காற்றில் பேசும் பேச்சு தண்ணீருக்குள் பெரிதாக இறங்குவதில்லை. கரையில் விழும் காலடி அதிர்வுதான் மீனை விரட்டும். ஆக, பேசலாம், குதிக்கக் கூடாது. "சும்மா இரு" என்று நாள் பூராவும் அதட்டிக்கொண்டிருந்த எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. கல் எறியும் ஆசைக்கு, தூண்டில் போடும் இடத்துக்கு வெகு கீழே ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.

6. வீசுவதும் இழுப்பதும்

வீசும் முன் பின்னால் திரும்பிப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். ஆள்காட்டி விரலில் நரம்பைப் பிடித்து, ரீலின் வளையக் கம்பியைத் திறந்து, கோலைப் பின்னிருந்து முன்னே கொண்டுவந்து விரலை விடுங்கள். புழுவை ஓட்டம் வரும் பக்கம் போட்டு, ஓட்டத்தோடு இயல்பாக மிதந்து வர விடுங்கள். ஆற்றின் அடியில் உள்ள கல்லில் குண்டு தட்டுவது கோல் நுனியில் அவ்வப்போது தெரிந்தால் எடை சரி. அடிக்கடி சிக்கினால் குண்டைக் குறைக்கவும். ஸ்பின்னர் என்றால் அதன் தகடு சுழலும் அளவுக்கு மெதுவாகச் சுருட்டினால் போதும். ஓர் இடத்தில் பத்துப் பதினைந்து வீச்சுக்கு ஒன்றும் நடக்கவில்லையா, நகருங்கள்.

நரம்பு திடீரென நின்றாலோ துடித்தாலோ கோலை மெல்ல உயர்த்துங்கள். ரீல் நரம்பைப் பிடிக்கும் இறுக்கத்தை முன்பே சற்றுத் தளர்த்தி வைத்திருந்தால், மீன் ஓடும்போது நரம்பு அறாமல் வெளியேறும். ஓடும்போது விடுங்கள், ஓய்ந்ததும் சுருட்டுங்கள். இந்த இடத்தில் கோலைக் குழந்தையின் கையிலிருந்து பிடுங்காதீர்கள். மீன் போனால் போகட்டும்.

7. கைக்கு வந்த மீன்

தொடும் முன் கையை நனைக்க வேண்டும். மீனின் உடலில் உள்ள வழுவழுப்புதான் அதன் பாதுகாப்பு, உலர்ந்த கை அதை உரித்துவிடும். வலையில், தண்ணீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றுங்கள். படம் எடுக்க வேண்டுமானால் சில நொடிகள் மட்டும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். முள்ளை ஆழமாக விழுங்கியிருந்தால் தோண்டாமல் நரம்பை வெட்டிவிடுவது மேல். விடும்போது தலை ஓட்டத்துக்கு எதிரே இருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள், அதுவே உதறிக்கொண்டு போகும்.

எடுத்துப் போகும் மீனை உயிரோடு துடிக்க விடாமல் தலையில் ஒரே அடியில் கொன்று உடனே பனிக்கட்டியில் வையுங்கள். செதில் மிகப் பொடியாக இருப்பதால் சுரண்ட வேண்டியதில்லை. வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் கருஞ்சிவப்புப் பட்டையைக் கட்டைவிரலால் வழித்துக் கழுவினால் முடிந்தது.

8. தண்ணீரை நம்பாதீர்கள்

மேலே எங்கோ பெய்யும் மழையாலோ அணை திறப்பதாலோ வெயிலடிக்கும் இடத்திலும் ஆறு ஏறும். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலையும் குச்சியும் திடீரென அதிகமாக மிதந்து வந்தாலோ, அப்போதே எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். கரைக்கு வந்ததும் ஒரு கல்லில் நீர்மட்டத்தை அடையாளம் வைத்துக்கொள்வேன். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட், அவர்கள் மேல் கண் வைக்க ஒரு பெரியவர். அந்த நேரத்தில் அவர் கையில் கோல் இருக்கக் கூடாது.

9. வீடு திரும்பியதும்

அறுந்த நரம்புத் துண்டுகளை ஆற்றில் விட்டுவிடாமல் கொண்டுவாருங்கள், பறவைகள் கால் சிக்கிச் சாகின்றன. காலணி, வலை எல்லாவற்றையும் கழுவி நன்றாகக் காய வைத்த பிறகே வேறு ஆற்றுக்கு எடுத்துப் போகலாம். மீன் நோய்களும் பாசியும் ஈரத்திலேயே ஊர் மாறும். துவைக்கப் போடும் முன் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள், உள்ளே கை விடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு தடவை ஒரே பையிலிருந்து இரண்டு முள்ளும், பாவம், காய்ந்துபோன ஒரு புழுவும் விழுந்தன.