ஓடும் காரில் 'டொக் டொக்' சத்தம்: காரணம் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் ஓடும்போது அடியிலிருந்தோ பானட்டுக்குள்ளிருந்தோ தட்டுவது போன்ற சத்தம் கேட்டதும் பலர் செய்யும் முதல் தவறு, ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று தாமாகவே முடிவு கட்டி அதை மாற்றச் சொல்வதுதான். காரின் உடல் முழுவதும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட தகடுகளால் ஆனது என்பதால், இடது முன்சக்கரத்தருகே பிறக்கும் சத்தம் டேஷ்போர்டின் நடுவிலிருந்து வருவது போலக் காதில் விழலாம். ஆகவே சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பதற்கு முன், எப்போது வருகிறது என்று கேட்பதே பயன் தரும்.

முதலில் பிரித்தறிய வேண்டியது, சத்தம் இன்ஜினின் சுழற்சியோடு கூடிக் குறைகிறதா, சக்கரங்களின் வேகத்தோடு கூடிக் குறைகிறதா என்பதாகும். நின்ற இடத்திலேயே நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதிக்கும்போதும் அதே சத்தம் கேட்டால் இன்ஜினையோ அதோடு இணைந்த பாகங்களையோ சந்தேகிக்கலாம். ஆனால் நின்ற நிலையில் கேட்கவில்லை என்பதற்காக இன்ஜின் மீது குறையில்லை என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது; மேடு ஏறும்போதும் பாரம் இழுக்கும்போதும் மட்டுமே தலைகாட்டும் சத்தங்கள் உண்டு. இந்தச் சோதனைக்காக ஓடும் காரின் இன்ஜினை அணைத்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவ்வாறு அணைத்தால் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் உதவி விசை போய்விடும். சாவியை முழுவதும் திருப்பினால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளக்கூடும்.

சக்கரத்தின் வேகத்தோடு கூடும் சத்தமாக இருந்தால், வேறெதையும் தொடுவதற்கு முன் வண்டியை நிறுத்திச் சக்கர நட்டுகளைப் பார்க்க வேண்டும். அண்மையில் டயர் மாற்றப்பட்டிருந்தால் இது இன்னும் அவசியம். நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிரெதிராக, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அளவுக்கு டார்க் ரெஞ்சு (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) கொண்டு முறுக்க வேண்டும். கூடவே டிக்கியையும் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. சரியாக இறுக்காத ஸ்டெப்னியும் ஜாக்கியும் கிளப்பும் சத்தத்தைச் சஸ்பென்ஷன் கோளாறு என்று நம்பிச் செலவு செய்தவர்கள் குறைவல்லர்.

குறைந்த வேகத்தில், சிறு சிறு மேடுபள்ளங்களில் மட்டும் தட்டுகிறது என்றால், ஷாக் அப்சார்பரைவிட ஸ்டெபிலைசர் லிங்க் (திருப்பங்களில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு) மீதே முதலில் சந்தேகம் எழ வேண்டும். அது மலிவான பாகம், மாற்றுவதும் எளிது. ஆனால் அதைச் சோதிக்கும் முறையில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கும்போது ஸ்டெபிலைசர் கம்பி முறுகி லிங்கை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், தேய்ந்த லிங்க்கூட உறுதியாக இருப்பதாகவே கைக்குத் தெரியும். இரு முன்சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருக்கும்போது அசைத்துப் பார்த்தால்தான் ஆட்டம் வெளிப்படும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் நுழைவது உயிருக்கே ஆபத்து. அதற்கென உள்ள தாங்கிகளை உரிய இடங்களில் நிறுத்திய பிறகே கீழே செல்ல வேண்டும்.

லோயர் ஆர்ம் (சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை) பொருந்தும் இடத்திலுள்ள ரப்பர் புஷ்களை மாற்றுவோர், பட்டறையில் பணிபுரிவோர் உட்பட, அடிக்கடி செய்யும் பிழை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுதியாக முறுக்கிவிடுவது. வண்டி தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே இருந்து, விரைவில் கிழிந்து, அதே சத்தம் திரும்ப வரும். வண்டியின் எடை சக்கரங்களின் மீது அமர்ந்த நிலையில்தான் கடைசி முறுக்கு இருக்க வேண்டும்.

ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்று வரிசையாகக் கேட்டால் அது பெரும்பாலும் வெளிப்புற சிவி ஜாயின்ட் (திரும்பும் சக்கரத்துக்கு இன்ஜின் விசையைக் கடத்தும் மூட்டு). அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறிய அன்றே கவனித்திருந்தால் உறையை மட்டும் மாற்றினால் போதும். சத்தம் தொடங்கிய பின் புது உறை போடுவதில் பொருளில்லை. பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் மறைந்தால் பிரேக் பேடுகளையும், அவற்றை அழுத்தும் காலிப்பரின் பின்களையும் பார்க்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் ஒற்றைத் தட்டு கேட்டால் இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் மவுன்ட்டிங்கைப் பார்க்க வேண்டும்.

இன்ஜினிலிருந்தே சத்தம் வருகிறது என்றால் இரண்டு வேறு நோய்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பற்றவைத்த பின், இன்னும் எரியாத கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானாக வெடிப்பதே நாக்கிங். குறைந்த ஆக்டேன் (தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு) கொண்ட பெட்ரோலும் சிலிண்டருக்குள் படிந்த கரியும், மெதுவான வேகத்தில் உயர்ந்த கியரில் இன்ஜினைத் திணறவிடுவதும் இதற்கு வழி செய்யும். இதற்குக் கியரைக் குறைப்பதும் தயாரிப்பாளர் சொன்ன ஆக்டேன் கொண்ட எரிபொருளுக்கு மாறுவதும் பலன் தரலாம். மற்றொன்று, பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்வதால் அடிவயிற்றிலிருந்து வருவது போன்ற கனத்த தட்டு. உயர் ஆக்டேன் எரிபொருள் இதை எவ்விதத்திலும் தீர்க்காது. தடித்த ஆயில் ஊற்றிச் சத்தத்தை அடக்குவது பழைய வழக்கம். அது தேய்ந்த பேரிங்கைச் சீராக்காமல் எச்சரிக்கையை மட்டும் மறைக்கிறது. தட்டோடு ஆயில் அழுத்த விளக்கும் எரிந்தால், அருகிலுள்ள பட்டறை வரை ஓட்டிவிடலாம் என்று எண்ணாமல் உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்து, வண்டியைக் கட்டி இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும்; அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் கனெக்டிங் ராடு முறிந்து இன்ஜின் பிளாக்கையே உடைக்கக்கூடும்.

பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு 'ஏதோ சத்தம் வருகிறது' என்று மட்டும் சொல்லிச் செல்வதும் தவறே. எந்த வேகத்தில், எத்தகைய சாலையில், இன்ஜின் சூடேறுவதற்கு முன்பா பின்பா என்று குறித்துக் கொடுத்து, மெக்கானிக்கை உடன் அமர்த்தி அதே சத்தத்தை ஒருமுறை கேட்கச் செய்த பிறகே பாகங்களைக் கழற்ற அனுமதிக்க வேண்டும். வேலை முடிந்த பின் அதே சாலையில் ஓட்டிப் பார்ப்பதோடு, லோயர் ஆர்மோ, ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடோ மாற்றப்பட்டிருந்தால் வீல் அலைன்மென்ட்டையும் (சக்கரங்களின் கோண அமைப்பு) சரிபார்க்க வேண்டும். இல்லையெனில் சத்தம் நின்றாலும் டயர்கள் ஒருபுறமாகத் தேயத் தொடங்கும்.