மோரிஸ் மைனருக்குப் புது பிரேக் பைப் செய்வது எப்படி

பழைய பிரிட்டிஷ் காரான மோரிஸ் மைனரின் பிரேக் ஒற்றைச் சுற்று. பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டரிலிருந்துதான் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் ஆயில் போகிறது. எங்கோ ஓரிடத்தில் பைப் துருவேறிப் பொத்துக்கொண்டால் பெடல் அப்படியே தரைக்குப் போய்விடும். பிறகு ஹேண்ட் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும். 1948இல் வெளிவந்த இந்தக் காரின் தயாரிப்பு 1971இல் நின்றது. அசல் ஸ்டீல் பைப்போடு இன்னும் ஓடும் மைனர் இங்கிலாந்தில் இருந்தாலும் இலங்கையில் இருந்தாலும், அந்தப் பைப்பின் வயது ஐம்பதுக்கு மேல். வெளியே பெயிண்ட் நன்றாகத் தெரிந்தாலும் கிளிப் பிடித்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கி உள்ளுக்குள் அரித்திருக்கும். ஒரு பைப் போயிருந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே சரி.

என்ன வாங்குவது

3/16 அங்குல (4.76 மி.மீ.) குனிஃபர் பைப், 25 அடிச் சுருள் ஒன்று. குனிஃபர் என்பது செம்பில் ஏறத்தாழ 10 சதவீதம் நிக்கல் கலந்த உலோகம். துருப்பிடிக்காது, கையால் வளையும், ஸ்டீலைவிட எளிதாக பிளேர் ஆகும், அதாவது இணைப்புக்கு ஏற்றபடி முனை விரியும். தனிச் செம்புப் பைப் இன்னும் மிருதுதான், ஆனால் அதிர்வில் இறுகி நாளடைவில் விரிசல் விடும். சில நாடுகளில் பிரேக்குக்கு அதை அனுமதிப்பதும் இல்லை. ஃப்ரிட்ஜ், ஏ.சி. வேலைக்கு விற்கும் செம்புக் குழாயைப் பக்கத்திலேயே கொண்டுவரக் கூடாது.

நட்டுகளின் மரை 3/8 அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவு மரை வகை), அங்குலத்துக்கு 24 சுற்று. கடையில் மெட்ரிக் எம்10 நட்டு கொடுத்துவிடுவார்கள், ஜாக்கிரதை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்: ஒன்றின் விட்டம் 9.5 மி.மீ., மற்றொன்று 10. எம்10 நட்டு யு.என்.எஃப். துளையில் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று போய்ச் சிக்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால், சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டரின் மரையே போய்விடும். மாற்றி யு.என்.எஃப். நட்டை எம்10 துளையில் போட்டால் லொடலொடவென்று உள்ளே போகும், இறுக்கும்போது உரிந்து வரும். பழைய நட்டைப் பக்கத்தில் வைத்து, மரையோடு மரை பொருத்திப் பார்த்த பிறகே வாங்குங்கள்.

கருவிகளில் சின்ன டியூப் கட்டர், பிளேரிங் டூல், பிரேக் நட்டைச் சுற்றிப் பிடிக்கும் பிளேர் ஸ்பேனர் (பெரும்பாலும் 7/16, 1/2 அங்குலம்) ஆகிய மூன்றும் கட்டாயம். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் பழைய நட்டின் முனைகளை மழுக்கிவிடும்.

கழற்றுவது

காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள்; ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. முந்தைய நாளே எல்லா நட்டிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டுவையுங்கள். ரப்பர் ஹோஸைக் கழற்றுவதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் ஹோஸின் அறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு பைப் நட்டை அவிழ்க்க வேண்டும், அடுத்து பிராக்கெட்டில் உள்ள லாக் நட்டு, கடைசியாகத்தான் ஹோஸை வீல் சிலிண்டரிலிருந்து திருக வேண்டும். இந்த வரிசை மாறினால் ஹோஸ் உள்ளுக்குள் முறுக்கிக் கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது.

பழைய பைப்பை முடிந்தவரை முழுதாக எடுங்கள். புதுப் பைப்புக்கு அதுதான் அச்சு. உடைந்து வந்தால் மெல்லிய கம்பியை அதே வழியில் வளைத்து அளவு எடுத்து, 3 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். முன் டிரம் ஒவ்வொன்றிலும் இரண்டு வீல் சிலிண்டர்கள் உண்டு. அவற்றை இணைக்கும் குட்டிப் பைப்பையும் மறக்க வேண்டாம்.

பிளேர்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பைப் முனையில் இரண்டு வகை பிளேர் வரும். ஒன்று சிங்கிள்: முனை காளான் தலைபோல வெளிப்பக்கம் புடைத்திருக்கும். மற்றொன்று டபுள்: அந்தப் புடைப்பையே உள்ளே மடித்துப் புனல்போல ஆக்கியது. பழைய பிரிட்டிஷ் கார்களில் பொதுவாக ஆண் நட்டு (வெளியே மரை உள்ளது) வரும் முனையில் சிங்கிள், பெண் நட்டு (உள்ளே மரை உள்ளது) வரும் முனையில் டபுள். ஹோஸின் பிராக்கெட் முனையில் உட்காருவது இந்தப் பெண் நட்டுதான். ஆகவே ஒரே பைப்பின் இரு முனைகளிலும் இரு வேறு பிளேர் இருப்பது சகஜம்.

பழைய பைப்பைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். முன்பு யாராவது தவறாகச் செய்து வைத்திருக்கலாம். டார்ச் அடித்து, பைப் போய் உட்காரும் இடத்தைப் பாருங்கள். நடுவில் கூம்பு எழுந்து நின்றால் டபுள் வேண்டும். குழிந்திருந்தால் சிங்கிள். மாற்றிப் போட்டாலும் பலமாக இறுக்கினால் முதல் நாள் ஒழுகாது, அதுதான் ஆபத்து: இரண்டும் நூல் அளவு வட்டத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும், உட்காருமிடம் நசுங்கும், சில வாரத்தில் கசிவு தொடங்கும்.

வெட்டும்போது கட்டரை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சமாக மட்டும் இறுக்குங்கள். அவசரப்பட்டால் வாய் உள்நோக்கி நசுங்கும். ஹேக்ஸா வேண்டாம், வெட்டு கோணலாகும், தூள் உள்ளே போகும். வாயின் உள்ளும் வெளியும் பிசிறு எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பிசிறு இருந்த இடத்தில்தான் பிளேர் கீறிக்கொண்டு பிளக்கும்.

நட்டை இப்போதே, சரியான திசையில், பைப்பில் கோத்துவிடுங்கள். இரண்டாவது முனையைப் பிளேர் செய்வதற்கு முன்னும் இதையே ஒருமுறை சரிபாருங்கள். இதை மறந்தால் அருமையாக வந்த பிளேரை வெட்டி எறிய வேண்டியிருக்கும்.

பைப்பை டூலின் தாடையில் வைத்து, டூலோடு வரும் அச்சில் உள்ள படிக்கட்டு போன்ற விளிம்பின் உயரத்துக்குச் சமமாக வெளியே நீட்டி இறுக்குங்கள். தாடையில் எண்ணெய் இருக்கக் கூடாது, பைப் வழுக்கினால் பிளேர் சிறுத்துவிடும். பைப் நுனியில் மட்டும் ஒரு சொட்டு பிரேக் ஆயில் தடவி முதல் அச்சை மெதுவாக இறக்குங்கள். இத்தோடு சிங்கிள் முடிந்தது. டபுள் வேண்டுமென்றால் அச்சை எடுத்துவிட்டு, டூலின் கூம்பை மட்டும் இறக்கி மடியுங்கள். அதிகமாக அழுத்தினால் சுவர் மெலிந்துவிடும். காரின் பைப்பைத் தொடுவதற்கு முன் துண்டுப் பைப்பில் ஐந்தாறு செய்து பழகுவது நல்லது.

முடிந்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒருபக்கம் பெரிதாக இருந்தால் வெட்டு கோணல், அல்லது அச்சு நேராக இறங்கவில்லை. தலைமுடி அளவு விரிசல் தெரிந்தாலும் வெட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள். கம்ப்ரஷன் ஃபிட்டிங் வைத்து இரண்டு துண்டை ஒட்டுவது பிரேக்கில் கூடவே கூடாது.

வளைப்பதும் பொருத்துவதும்

பிளேருக்குப் பின்னால் 4 செ.மீ. நேராக விடுங்கள், நட்டு பின்னால் நகர இடம் வேண்டும். வளைவுகளைக் கப்பி வைத்த பெண்டரில் போடுங்கள். இல்லையென்றால் 25 மி.மீ. அளவுள்ள ஒரு சாக்கெட்டைச் சுற்றி விரலால் வளைக்கலாம். மடிந்து தட்டையான இடத்தை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது.

நட்டுகளை விரலால் மூன்று நான்கு சுற்றாவது ஏற்றுங்கள். ஏறவில்லையென்றால் பைப்தான் கோணலாக இருக்கிறது, வளைவைத் திருத்துங்கள். எல்லா முனையும் விரலால் ஏறிய பிறகு கிளிப்புகளைப் போட்டு, கடைசியாக நட்டுகளை இறுக்குங்கள். குட்டை ஸ்பேனரும் மணிக்கட்டுப் பலமும் போதும். ஒருமுறை இறுக்கி, சற்றுத் தளர்த்தி, மறுபடி இறுக்கினால் பிளேர் இடத்தில் நன்றாக உட்காரும். அடிக்கு ஒரு கிளிப் வீதம் போடுங்கள். சைலன்சர் குழாயிலிருந்து தள்ளியும், தகட்டு விளிம்பில் உரசாமலும் போக வேண்டும்.

ஆயில் விட்டு ஏர் எடுப்பது

மைனரின் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் நன்றாகத் துடையுங்கள். மண் விழுந்தால் சீல் கெடும். டாட் 4 ஆயில் போதும். சிலிக்கான் வகையான டாட் 5ஐ அதோடு கலக்க வேண்டாம். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முதலில் எல்லா டிரம்மிலும் அட்ஜஸ்டரைத் திருப்பி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவை லேசாக உரசும்வரை நெருக்குங்கள். அப்போதுதான் பெடல் தள்ளும் ஆயில் வீணாகாமல் காற்றை வெளியேற்றும். வலது ஸ்டியரிங் வண்டியில் இடது பின்சக்கரம்தான் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவு. காற்றை வெளியேற்றுவதை அங்கே தொடங்கி வலது பின், இடது முன், வலது முன் என்று வாருங்கள். நடுநடுவே ஆயில் அளவைப் பாருங்கள், ஒருமுறை வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பெடல் கெட்டியானதும் ஒருவர் முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடிக்கட்டும். பெடல் மெல்ல இறங்குகிறதா என்று அவர் கவனிக்க, மற்றவர் காய்ந்த டிஷ்யூ தாளால் ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் நட்டைச் சற்று இறுக்கிப் பார்க்கலாம். இரண்டாவது முறையும் ஈரம் என்றால் இறுக்கிக்கொண்டே போகாமல் கழற்றி, பிளேரையும் அது உட்காருமிடத்தையும் பாருங்கள். ஷூ அட்ஜஸ்டரைச் சரியான இடைவெளிக்குத் திருப்பி வைத்து, நடமாட்டம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மறுநாள் காலையிலும், ஒரு வாரம் கழித்தும் அதே டிஷ்யூ தாளோடு அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்க வேண்டும்.