டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது: இத்தாலிப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃப்ளாரன்ஸில் இருந்து பைசாவின் சாய்ந்த கோபுரத்தைப் பார்க்க ரயில் ஏறினோம், அம்மாவும் நானும். டிக்கெட் கையில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பரிசோதகர் வந்தார், டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் வெறும் ஓரத்தில் விரலை வைத்துக் காட்டி, தலையை ஆட்டினார். இரண்டு பேருக்கும் அபராதம், டிக்கெட் விலையைப்போல் பல மடங்கு. "காசு கொடுத்துத்தானே வாங்கினோம், நாம என்ன வித்தவுட்டா?" என்று அம்மா அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

விஷயம் இதுதான். இத்தாலியின் வட்டார ரயில்களில் காகித டிக்கெட்டுக்கு இருக்கை எண் கிடையாது. அதனால் ஏறுவதற்கு முன், நடைமேடை ஓரத்தில் இருக்கும் சின்ன இயந்திரத்தில் டிக்கெட்டின் முனையைச் செருகி, தேதியும் நேரமும் அடித்துக்கொள்ள வேண்டும். அடிக்காத டிக்கெட்டை நாளைக்கும் பயன்படுத்தலாமே என்பது அவர்கள் தரப்பு நியாயம். இயந்திரம் வேலை செய்யவில்லை என்றால் தேதி, நேரம், நிலையத்தின் பெயர் மூன்றையும் பேனாவால் டிக்கெட்டில் எழுதிவிட்டு, ரயிலில் ஏறியதும் நீங்களே பரிசோதகரைத் தேடிப் போய்ச் சொல்லுங்கள். கைபேசியில் வாங்கிய வட்டார டிக்கெட்டுக்கும் 2023 முதல் பயணத்துக்கு முன் செக்-இன் செய்யும் முறை வந்துவிட்டது. இருக்கை எண்ணோடு வரும் அதிவேக ரயில் டிக்கெட்டுக்கு இதெல்லாம் வேண்டாம். நகரப் பேருந்தில் ஏறியவுடன் உள்ளே இருக்கும் இயந்திரத்தில் அடிக்க வேண்டும்.

ரயில் பயணத்துக்கு முந்தின நாள் 'ஷோப்பெரோ' என்ற சொல் எங்காவது கண்ணில் படுகிறதா என்றும் பாருங்கள். வேலைநிறுத்தம் என்று அர்த்தம். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்களில் குறைந்தபட்ச சேவை இருக்கும். அந்த நேரத்துக்குப் பயணத்தை மாற்றிக்கொள்ளலாம்.

விசா பற்றிச் சுருக்கமாக. ஷெங்கன் விசாவை (இத்தாலி உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா), அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம்தான் கேட்க வேண்டும். சீக்கிரம் தேதி கிடைக்கிறதே என்று வேறு நாட்டிடம் போகாதீர்கள். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஊர் திரும்பும் தேதிக்குப் பிறகும் 3 மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும்.

நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது பெயரில்தான். பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும். ரோமின் பழைய அரங்கமான கொலோசியத்துக்கு டிக்கெட் இப்போது பெயர் போட்டே தருகிறார்கள், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வீட்டில் கூப்பிடும் பெயரையோ, இனிஷியலைச் சேர்த்தோ முன்பதிவு செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டில் என்ன எழுத்தோ அதே எழுத்து. இன்னொன்று, வாத்திக்கன் அருங்காட்சியகத்துக்கு ஞாயிறு விடுமுறை (மாதக் கடைசி ஞாயிறு தவிர). ஃப்ளாரன்ஸின் உஃபீத்சி ஓவியக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. இது தெரியாமல் மூடிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நிறைய.

பெட்டி கட்டும்போது நெய் பாட்டில், பால்கோவா, மட்டன் ஊறுகாய் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்கள் இறைச்சி, பால் சார்ந்த உணவு கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும்கூடத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போகாது. தேங்காய், வாழைப்பழம் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு! பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறவைத்தால் போதும் என்ற அவல், இவை தைரியமாக வரும்.

சைவம் சாப்பிடுபவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. அங்கே மீன் வேறு, இறைச்சி வேறு. 'அச்சூகே' அல்லது 'அலிச்சி' என்று பட்டியலில் இருந்தால் நெத்திலி. 'ப்ரோதோ' என்றால் சாறு, பெரும்பாலும் எலும்பு போட்டுக் கொதிக்க வைத்தது. 'ஸ்த்ரூத்தோ' என்றால் பன்றிக் கொழுப்பு. சில வகை ரொட்டியில் சேர்ப்பார்கள். பார்மிஜானோ சீஸில் கன்றின் வயிற்றில் இருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் நொதி சேர்வதால், கண்டிப்பான சைவர்கள் 'சென்சா பார்மிஜானோ' என்று சொல்லிவிட வேண்டும். பயந்து ஒதுக்க வேண்டாத பெயர்களும் உண்டு. 'பெப்பரோனி' என்று எழுதியிருந்தால் அங்கே அது இறைச்சி இல்லை, குடமிளகாய்தான். பெயரில் கடல் இருந்தாலும் 'மரினாரா' பீட்சாவில் கடலும் இல்லை, மீனும் இல்லை, சீஸ்கூட இல்லை. தக்காளி, பூண்டு, ஓரிகனோ, அவ்வளவே. அம்மா மூன்று நாள் அதைச் சாப்பிட்டுத்தான் தெம்பாக நடந்தார். பில்லில் 'கொப்பேர்த்தோ' என்று ஆளுக்கு ஓரிரு யூரோ சேர்ந்திருந்தால் ஏமாற்று இல்லை, மேசைக் கட்டணம். காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதல்.

தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் ஒரு துப்பட்டா இருந்தால் கவலை இல்லை. கார் வாடகைக்கு எடுப்பவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள். பழைய நகரங்களின் நடுப்பகுதியில் 'இசட்.டி.எல்.' (அனுமதி இல்லாத வண்டிகளுக்குத் தடை உள்ள பகுதி) என்ற எழுத்துள்ள பலகை தெரிந்தால் உள்ளே திருப்பாதீர்கள். கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீடு தேடி வரும். ரோமின் தெர்மினி நிலையத்தில் டிக்கெட் இயந்திரத்தின் முன் கேட்காமலே உதவ வருபவரிடம் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு எண் 112.

அப்புறம், தண்ணீர். ரோமில் பாட்டில் பாட்டிலாக வாங்காதீர்கள். தெருவெங்கும் வளைந்த மூக்கு வைத்த இரும்புக் குழாய்கள் நின்றுகொண்டிருக்கும். அந்த மூக்கை வைத்தே அவற்றுக்கு 'நசோனி' என்று பெயர். குடிக்க நல்ல, குளிர்ந்த தண்ணீர், இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாக நீர் வளைந்து எழும்பும், குனியாமலே குடிக்கலாம். ஒரு காலி பாட்டில் மட்டும் கையில் இருக்கட்டும்.