பட்டாளத்தில் உடம்பைத் தொலைத்துவிட்டு வந்தவருக்கு பெங்களூரில் வீட்டார் செய்ய வேண்டியவை

முதல் வேலை, கட்டிலுக்கு அடியில் கிடக்கும் கறுப்புத் தகரப் பெட்டியை வெளியே இழுங்கள். வெள்ளைப் பெயின்டில் பெயரும் நம்பரும் எழுதின பெட்டி. அல்சூர், மர்பி டவுன், லிங்கராஜபுரம் பக்கம் பழைய பட்டாளத்துக்காரர் வீடு என்றால் அது கட்டாயம் இருக்கும். டிஸ்சார்ஜ் புக், பிபிஓ என்கிற பென்ஷன் உத்தரவு, ஊனத்தைக் கணித்த மெடிக்கல் போர்டு காகிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதற்குள்தான், பாச்சை உருண்டை வாசத்தோடு. எங்கள் அப்பாவின் பெட்டியை அவர் ரிட்டயர் ஆகி 11 வருஷம் கழித்துத்தான் திறந்தோம். அந்தத் தாமதம் எங்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைக் கீழே சொல்கிறேன், நீங்களாவது இந்த வாரமே திறந்துவிடுங்கள்.

அப்பா மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. அல்சூர் ஏரிக்கரையில் அந்தப் படையின் எம்.இ.ஜி. சென்டரில் ட்ரெயினிங் எடுத்தவர். அங்கே சிப்பாய்கள் எல்லாருக்கும் ஒரே பெயர், ‘தம்பி’. 2001 டிசம்பரில் பார்லிமென்ட் தாக்குதல் நடந்ததும் ஆபரேஷன் பராக்ரம் என்று எல்லை நெடுகப் படையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சண்டை நடக்கவே இல்லை, ஆனால் புதைத்த கண்ணிவெடிகள் புதைக்கும்போதும் திரும்ப எடுக்கும்போதும் நம் ஆட்களையே பிடித்தன. அப்பாவின் இடது பாதம் ராஜஸ்தான் மணலில் போயிற்று. வலது காதும் அன்றோடு சரி. அதற்கப்புறமும் உட்கார்ந்து பார்க்கிற வேலையில் வைத்திருந்து, சர்வீஸ் முடிந்ததும் அனுப்பினார்கள். ‘கொடுத்ததை வாங்கிக்கிட்டு வந்தேன்’ என்பதற்கு மேல் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த ஆட்கள் தனக்கென்று வாய் திறந்து கேட்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, போர்டு காகிதத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: ஊனம் எத்தனை சதவீதம் என்பது ஒன்று, எந்த வகையில் போட்டிருக்கிறார்கள் என்பது இன்னொன்று. பென்ஷன் விதியில் ஏ முதல் இ வரை ஐந்து வகை. ஏ என்றால் பட்டாள வேலைக்குச் சம்பந்தமில்லாதது. பி என்றால் வேலையால் வந்த அல்லது வேலையால் முற்றிய நோய். சி, டியூட்டியில் நடந்த விபத்து. டி, தீவிரவாதிகள் போன்றவர்களின் தாக்குதலில் பட்ட காயம். இ தான் போர், எல்லைச் சண்டை. எல்லைக்குப் பக்கத்தில் கண்ணிவெடி புதைக்கும்போதோ எடுக்கும்போதோ வெடித்து அடிபட்டால், அது நம் வெடியாகவே இருந்தாலும், இ வகைதான். அப்பாவுக்கு சி என்று போட்டிருந்தார்கள். இந்த ஒரு எழுத்துக்குப் பின்னால் எவ்வளவு பணம் இருக்கிறது பாருங்கள்: சாதாரண ஊனப் பென்ஷனில் ஊனத்துக்கான பங்கு, 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். போர்க்காயம், அதாவது இ வகை என்றால் அதே பங்கு 60 சதவீதம், அப்படியே இரண்டு மடங்கு. காயத்தின் காரணமாகவே வெளியே அனுப்பப்பட்டவருக்கு இன்னும் கூடுதலாகக் கணக்கு வரும். ஊனம் குறைந்தால் இந்தத் தொகையும் அதே விகிதத்தில் குறையும்.

சதவீதத்தையும் ரவுண்டு பண்ணித் தர வேண்டும். 20 முதல் 49 வரை இருந்தால் 50, 50 முதல் 75 வரை 75, அதற்கு மேல் 100. முதலில், சர்வீஸ் நடுவிலேயே ஊனத்தால் வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும் இதைக் கொடுத்தார்கள். சர்வீஸ் முழுக்க முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன்னால் ரிட்டயர் ஆனவருடைய பிபிஓவில் பழைய எண்ணே நின்றிருக்கலாம், கட்டாயம் பாருங்கள். நோய் வந்து திரும்பியவர்களுக்கு 2013இல் வந்த இன்னொரு தீர்ப்பு இருக்கிறது: ஆள் எடுக்கும்போது நோய் என்று எதுவும் குறித்திருக்கவில்லை என்றால், அன்று அவர் நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், நோய் வேலையால் வரவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ராணுவத்தினுடையது. 2023 செப்டம்பருக்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள், பெயர்களும் மாறிவிட்டன, அவர்கள் அதைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

காகிதம் கரையான் தின்றுவிட்டது என்றால் ஆர்.டி.ஐ., அதாவது தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள், 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். காய அறிக்கை, விசாரணை அறிக்கை, மெடிக்கல் போர்டு நடவடிக்கை என்று மூன்றையும் பெயர் சொல்லியே கேளுங்கள். அந்த ரெஜிமென்டின் ரெகார்ட்ஸ் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரிலேயே, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். மனு எழுதத் தெரியவில்லை என்றால் ரெசிடென்சி ரோட்டில் கரியப்பா பவனில் இருக்கும் சைனிக் நலத்துறைக்கு நேரில் போங்கள். தமிழில் பேசினாலும் அங்கே சமாளித்துவிடலாம், நான் அப்படித்தான் சமாளித்தேன்.

நிராகரித்துக் கடிதம் வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள், முதல் அப்பீலுக்கு 6 மாதம். அப்புறம் இரண்டாவது அப்பீல், அதுவும் போனால் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நம் ஆட்கள் பழக்க தோஷத்தில் சென்னைக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள்; கர்நாடகத்தில் குடியிருப்பவருக்குக் கொச்சி அமர்வுதான். பென்ஷன் மாதாமாதம் வருவது என்பதால் பல வருஷம் கழித்தும் வழக்குப் போடலாம், ஆனால் பாக்கிப் பணம் பல வழக்குகளில் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய 3 வருஷத்துக்குத்தான் கிடைத்திருக்கிறது. எங்கள் 11 வருஷத்தில் 8 வருஷம் அப்படித்தான் போயிற்று.

பெயர் விஷயத்தையும் இப்போதே சரிபண்ணுங்கள். டிஸ்சார்ஜ் புக்கில் அம்மாவின் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, ரேஷன் கார்டில் மூன்றாவது மாதிரி இருக்கும், இனிஷியல் போடும் நம் வழக்கத்தால் வருவது இது. அவர் இருக்கும்போதே ரெகார்ட்ஸில் எழுதி, ஸ்பர்ஷ் என்கிற ராணுவப் பென்ஷன் இணையதளத்திலும் மாற்றிவிட்டால் பின்னால் குடும்பப் பென்ஷனுக்கு அம்மா அலைய வேண்டாம். நவம்பரில் தரும் உயிர்ச் சான்றை இப்போது போனில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம்.

வைத்தியத்துக்கு இ.சி.எச்.எஸ். என்கிற முன்னாள் ராணுவத்தார் மருத்துவத் திட்டத்தின் கார்டு. அந்தத் திட்டத்தின் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கித்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் யோசிக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லுங்கள், அந்த 48ஐத் தவறவிட்டால் பில் உங்கள் தலையில் விழலாம்.

செயற்கைக் கால் பொருந்தவில்லை என்றால் அவர் சொல்ல மாட்டார், நடையைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். வருஷம் போகப் போக வெட்டின இடம் சுருங்கும், அதைப் பிடித்திருக்கும் சாக்கெட் தளரும், தோல் உரியும். ராத்திரி செயற்கைக் காலைக் கழற்றினதும் அந்த இடத்தைக் கழுவித் துடைத்து, கண்ணாடி வைத்து அடிப்பக்கம் புண் இருக்கிறதா என்று பாருங்கள், சர்க்கரை இருப்பவர் என்றால் தினமும். பூனாவில் 1944 முதல் நடக்கும் ராணுவச் செயற்கைக் கால் மையம் இருக்கிறது, அங்கே போக முடியுமா என்று பாலிகிளினிக்கில் கேளுங்கள். இல்லாத பாதம் வலிக்கிறது, விரல் எரிகிறது என்று சொன்னால் நம்புங்கள். அது நரம்பு வலி, அதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு. எங்கள் வீட்டில் ரொம்ப நாள் ‘பிரமை’ என்று சொல்லிச் சொல்லி அவர் வாயை அடைத்தோம், அதை நினைத்தால் இன்றைக்கும் கஷ்டமாக இருக்கிறது.

தூக்கம் கெடுவது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிப்போடுவது, காரணமில்லாமல் எரிந்து விழுவது, கேன்டீன் ரம்மில் கரைவது, இதெல்லாம் குணம் என்று விட்டுவிடாதீர்கள். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூட்டிப் போறே’ என்று மறுத்தால் வீட்டிலிருந்தபடியே 14416க்குப் போன் போடலாம், அது டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், காது கேட்காதவர் என்றால் லைட்டைப் போடுங்கள். அம்மாவுக்கு ஒரு தடவை கைமுட்டி பட்டுக் கன்னம் வீங்கின பிறகுதான் எங்களுக்கு இது தெரிந்தது, அப்பா அதற்காக இரண்டு நாள் சாப்பிடவில்லை.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே மாடி வீட்டுக்காரரிடமும் தெருப் பையன்களிடமும் போய் எந்த நேரம் வெடிப்பார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரம் முன்கூட்டியே தெரிந்தால் அவரால் தாங்க முடிகிறது. நாங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கே பின் அறையில் ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்து, அவர் இடது காதுப் பக்கமாக யாராவது ஒருவர் உட்கார்ந்துகொள்கிறோம். போன வருஷம் என் பையன் உட்கார்ந்தான், ஒன்பது மணிக்கு அப்பா தானாகவே ‘கதவைத் திறடா, மத்தாப்பு பார்க்கலாம்’ என்றார்.