தியானம் முடிந்து எழுந்த பிறகு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவையை அடுத்த சோமனூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு தறிக்கூடம் இருக்கிறது. எட்டு விசைத்தறிகள். காலை ஏழு மணிக்குத் தறி ஓடத் தொடங்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, நாற்பது நிமிடம் தவத்தில், அதாவது தியானத்தில், உட்கார்ந்து, உலகம் முழுவதற்கும் வாழ்த்துச் சொல்லிவிட்டு எழுந்தேன். மணி ஏழே கால். தறிச் சத்தம் கேட்கவில்லை. வெளியே வந்து பார்த்தால், தறி ஓட்டுபவர் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். வாசற்படியில் நின்றபடியே சத்தம் போட்டேன். சனிக்கிழமை கூலி வாங்கும்போது மட்டும் நேரம் தவறுவதில்லையே என்று கூடக் கேட்டுவிட்டேன். அவர் நான் முடிக்கும் வரை பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாவி உங்களிடம்தானுங்களே இருக்கிறது. ஆறே முக்காலுக்கே வந்துவிட்டேன். கண்ணை மூடி உட்கார்ந்திருந்தீர்கள், எழுப்பக் கூடாது என்று நின்றேனுங்க."

அவர் என் தவத்துக்குக் கொடுத்த மரியாதையை நான் அவருக்குக் கொடுக்கவில்லை. அன்று மாலை அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதன் பிறகுதான், உட்கார்ந்த நிமிடங்களைக் கணக்கு வைத்துக்கொண்டிருந்த நான் எழுந்த பிறகு நடப்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். இங்கே எழுதுவதெல்லாம் அப்படிக் கவனித்ததில் தெரிந்தவை. என்னிடமும், உடன் பயின்ற பலரிடமும் கண்டவை.

கொங்கு நாட்டில் தியானம் கற்றுக்கொள்ள இடத்துக்குப் பஞ்சமில்லை. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் வழியில் ஆழியாற்றில், மனவளக்கலை என்ற தியானப் பயிற்சி முறையை வகுத்த வேதாத்திரி மகரிஷி அமைத்த அறிவுத்திருக்கோயில் இருக்கிறது. ஊருக்கு ஊர் மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன. மேற்கே வெள்ளியங்கிரி அடிவாரத்தில் ஈஷா யோக மையம் இருக்கிறது. பத்து நாள் விபாசனா மௌன முகாமுக்குப் போய் வந்தவர்களும் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கற்றுக்கொண்ட பிறகு வீட்டுக்கு வந்து நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் பிசகு நேர்கிறது.

முதல் பிசகு, எண்ணமே இல்லாமல் போவதுதான் தியானம் என்று நினைப்பது. இப்படி நினைத்து இரண்டே வாரத்தில் விட்டவர்கள் ஏராளம். "எனக்கு மனசு நிற்கவே மாட்டேன் என்கிறது, இது நமக்கு ஒத்துவராது" என்பார்கள். அவர்களை நான் தறிக்கூடத்துக்கு அழைத்துப் போய்க் காட்டுவது உண்டு. எட்டுத் தறிகள் ஓடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஆனாலும் பழகிய ஆள் பாவில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஓர் இழை அறுந்தால் கண்டுபிடித்துவிடுவார். தறியை நிறுத்துவார். அறுந்த முனையைத் தேடி எடுத்து, முடிச்சுப் போட்டு, இழைகளைப் பிரித்து வரிசையில் வைக்கும் விழுதிலும் அச்சிலும் கோத்து இழுத்து, மறுபடி தறியை ஓட்டுவார். அறுந்த இழையைப் பார்த்து அவர் கோபப்படுவதில்லை. ஏன் அறுந்தாய் என்று கேட்டுக்கொண்டு நிற்பதும் இல்லை. ஒரு நாளில் எத்தனையோ முறை அறுகிறது, எத்தனையோ முறை சேர்க்கிறார். அறுந்ததைக் கவனிக்காமல் ஓடவிட்டால்தான் துணியில் நீளக் கோடு விழுந்து கெடும்.

மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தவர் மனம் நூல் விலைக்கும் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் ஓடுவதும் இப்படித்தான். ஓடியதைக் கண்டுகொண்டு மூச்சுக்குத் திரும்பினால், அந்தத் திரும்புதல்தான் பயிற்சி. இருபது நிமிடத்தில் ஐம்பது முறை திரும்பியவர், ஐம்பது முறை பயிற்சி செய்திருக்கிறார். அவர் தோற்றுப்போனதாக நினைக்க ஒன்றுமே இல்லை.

அடுத்தது அனுபவ வேட்டை. புருவ நடுவில் குறுகுறுப்பு வந்ததா, ஒளி தெரிந்ததா, உடம்பு லேசானதா என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது. மற்றவருக்கு வந்தது நமக்கு வரவில்லையே என்று ஏங்குவது. மகரிஷி கற்றுத்தந்த குண்டலினித் தவத்தைக் கற்றவர்களில் சிலர் ஆக்கினையில், அதாவது புருவ நடுவில், கிடைக்கும் உணர்வு பிடித்துப்போய் அதிலேயே நேரத்தைக் கூட்டுவார்கள். ஆற்றலை முதுகெலும்பின் அடியில் உள்ள மூலாதாரத்துக்குக் கொண்டுவரும் சாந்தி தவத்தை விட்டுவிடுவார்கள். பிறகு தலை கனக்கிறது, தூக்கம் வரவில்லை என்பார்கள். சாந்தி தவம் அந்த முறையிலேயே ஒரு பகுதியாகச் சேர்க்கப்பட்டது காரணத்தோடுதான். பயிற்றுவித்தவர் சொன்ன வரிசையில் கை வைக்கக் கூடாது.

இதோடு சேர்ந்ததுதான் வகுப்புக்கு வகுப்பு தாவுவது. ஒரு முறையை ஆறு மாதமாவது முழுதாகச் செய்து பார்க்காமல், இங்கே இரண்டு நாள், அங்கே மூன்று நாள் என்று போய்க்கொண்டிருந்தால் சான்றிதழ்கள் சேரும். ஒரு கிணற்றிலும் தண்ணீர் வராது. நம் பக்கம் ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது தன்னைத் தானே பார்ப்பதில் நடக்கும் தவறைப் பற்றித்தான். மகரிஷி தவத்தோடு, தன்னைத் தானே ஆராயும் அகத்தாய்வையும் வைத்தார். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார் என்று ஐந்து படிகள். பலர் தவத்தைப் பிடித்துக்கொண்டு அகத்தாய்வை விட்டுவிடுகிறார்கள். கண்ணை மூடி உட்கார்ந்தால் இதமாக இருக்கிறது. நோட்டை எடுத்து யார் மீதெல்லாம் எனக்குக் கோபம் என்று பெயர் எழுதினால் அப்படி இருப்பதில்லை. என் பட்டியலில் முதல் பெயர் என் உடன்பிறந்த அண்ணனுடையது. அதை எழுத எனக்கு மூன்று நாள் பிடித்தது.

அகத்தாய்வின் ஐந்து படிகளுக்கு மகரிஷி வைத்த பெயர்களில் உள்ள வினைச்சொற்களைப் பாருங்கள். ஆசையை ஒழிக்கச் சொல்லவில்லை, சீரமைக்கச் சொன்னார். சினத்தை அடக்கு என்று சொல்லவில்லை, தவிர்க்கச் சொன்னார். ஒழித்தல் என்ற சொல்லைக் கவலைக்கு மட்டும்தான் வைத்தார். 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த மனிதர் அவர். எந்த இழையை எங்கே கோக்க வேண்டும் என்று தெரிந்து சொற்களைக் கோத்திருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது. நாம் செய்வது நேர்மாறாக இருக்கிறது. ஆசையை ஒழிக்கப் பார்த்து நம்மையே வெறுக்கிறோம். கோபத்தை விழுங்கிவிட்டு அமைதியாகிவிட்டதாக நினைக்கிறோம். கவலையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்கிறோம்.

விழுங்கிய கோபம் எங்கே போகும்? மண்டிக்காரரிடம் காட்ட முடியாததை மனைவியிடம் காட்டுவோம், மனைவியிடம் காட்ட முடியாததைப் பிள்ளையிடம் காட்டுவோம். தவிர்ப்பதற்கு, அது வரும்போதே தெரிய வேண்டும். கோபம் சொல்லாக வருவதற்கு முன்பு உடம்பில் வருகிறது. எனக்குத் தாடை இறுகும்; பிறகு காதோரம் சூடாகும். சிலருக்கு வயிறு, சிலருக்கு மூச்சு. உங்களுக்கு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும். தாடை இறுகுவது தெரிந்த நொடியில் நான் ஒன்றும் பெரிதாகச் செய்வதில்லை. ஒரு மூச்சை முழுதாக விட்டுவிட்டு, எதிரில் நிற்பவரிடம் திட்டுவதற்குப் பதில் ஒரு கேள்வி கேட்கிறேன். அன்று அந்த வேப்பமரத்தடியில் "என்னங்க, ஏன் இன்னும் ஓட்டவில்லை?" என்று கேட்டிருந்தால் போதுமாக இருந்தது.

இன்னொரு பக்கம், தன்னைப் பார்ப்பதை வழக்கு மன்றமாக மாற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். இரவு நோட்டை எடுத்து, இன்றும் பொய் சொன்னேன், இன்றும் சோம்பினேன், நான் திருந்தவே மாட்டேன் என்று எழுதுவார்கள். இது பார்ப்பது ஆகாது, தண்டிப்பது. படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகளிடமும், வீட்டுப் பொறுப்பை எல்லாம் தானே சுமக்கும் பெண்களிடமும் இதை அதிகம் காண்கிறேன். அவர்களுக்கு நான் சொல்வது மூன்று வரி. என்ன நடந்தது, அப்போது உடம்பிலும் மனத்திலும் என்ன தெரிந்தது, அடுத்து என்ன செய்தேன். அவ்வளவுதான். நல்லது, கெட்டது என்ற சொற்களை அந்த நோட்டில் எழுத வேண்டாம்.

கவலைக்கு மகரிஷி காட்டிய வழி தொழில் செய்பவர்களுக்கு மிகவும் உதவும். அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை என்று நான்காகப் பிரிப்பது. நூல் விலை ஏறியது முதல் வகை. சொந்தக்காரர் கல்யாணத்தில் சரியாக வரவேற்கவில்லை என்பது இரண்டாவது. மகளின் கல்லூரிச் சேர்க்கை அடுத்த ஆண்டுக்கு உரியது, தள்ளிப்போடலாம். மின்கட்டணக் கடைசி நாள் நாளை. எழுந்து போய்க் கட்ட வேண்டும். அதை வைத்துக்கொண்டு தியானத்தில் உட்காருவது தவறு.

தியானத்தை வீட்டில் உயர்வு தாழ்வுக்குக் கருவியாக்குவதையும் சொல்லியாக வேண்டும். "நான் தவத்தில் இருக்கும்போது மிக்சி போடாதே" என்று சொல்பவருக்கு, அந்த மிக்சியில் ஓடும் சட்னி யாருக்கு என்று தெரியாமல் இல்லை. அமைதி வேண்டுமென்றால் முன்னதாக எழுந்துகொள்ளலாம். அல்லது அந்தச் சத்தத்தையே கவனிக்கலாம்.

சின்னச் சின்னவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாலை நாலரை மணிக்குத்தான் உட்கார வேண்டும் என்பதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வருபவர் தூங்கி எழுந்த பிறகு உட்காரட்டும். வயிறு நிறைய அரிசிம்பருப்புச் சோறு சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். முழங்கால் வலி இருந்தால் நாற்காலியில் உட்காருங்கள். தொடக்கத்திலேயே ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளாமல், பத்து நிமிடத்தை நாள் தவறாமல் செய்யுங்கள்.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தியானம் எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் இதமாக இருப்பதில்லை. நீண்ட நேரம் மௌனமாக உட்காரும் முகாம்களில் சிலருக்குப் பதற்றம் கூடும், பழைய துயரம் மேலே வரும், தூக்கம் கெடும். மனச்சோர்வுக்கோ வேறு மனநோய்க்கோ மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள், தியானம் செய்கிறோமே என்று மாத்திரையை நிறுத்துவது பெரிய ஆபத்து. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் சாப்பிடும் மாத்திரைகளுக்கும் இதே பேச்சுதான். பத்து நாள் விபாசனா முகாமுக்கு விண்ணப்பிக்கும்போது மனநலம் பற்றிப் படிவத்திலேயே கேட்பார்கள். இடம் கிடைக்காமல் போகுமோ என்று மறைக்காதீர்கள். உங்கள் நன்மைக்குத்தான் கேட்கிறார்கள். உட்கார்ந்தால் நெஞ்சு படபடக்கிறது, பயம் வருகிறது என்றால் கண்ணைத் திறந்துவிடுங்கள். எழுந்து தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டு வாருங்கள். சொல்லிக்கொடுத்தவரிடம் பேசுங்கள். நாலைந்து நாளாகியும் தீரவில்லை என்றால், மனநல மருத்துவரைப் போய்ப் பாருங்கள். தவத்தைப் பிறகு தொடரலாம்.