பழைய ஓடு, பனங்கைமரம், கதவுநிலை: கழற்றுவது, திருத்துவது, திரும்ப வைப்பது

பழைய வீட்டுப் பொருள் முழுதாகப் பழுதாவது குறைவு. கைமரம் (ஓட்டுப்பாரத்தைத் தாங்கும் சரிவுமரம்) சுவருக்குள் புதைந்த நுனியில் உக்கும். கதவுநிலை நிலத்தைத் தொட்ட இடத்தில் உக்கும். செங்கல்லில் அடிவரிகள்தான் உப்பேறும். ஓடு, சிலாகையில் (கைமரங்களுக்குக் குறுக்கே அடிக்கும் சட்டத்தில்) கொளுவும் பல்லில் உடையும். பழுது பெரும்பாலும் தண்ணீர் நின்ற இடத்தில் இருக்கும். அதை வெட்டி நீக்கினால் மிச்சம் எவ்வளவு, அதை எங்கே வைக்கலாம் என்று பார்ப்பதுதான் இந்த வேலை. இதைப் பாராமல் எல்லாவற்றையும் விறகாக்குபவர்களும் உண்டு. எல்லாவற்றையும் அப்படியே திரும்ப ஏற்றிவிட்டு மூன்றாம் மாரியில் கூரை தொய்ந்து நிற்பவர்களும் உண்டு.

வளவுக்குள் இறங்குமுன்

ஆளில்லாமல் கிடந்த வளவென்றால் முதலில் நிலத்தைப் பாருங்கள். இலங்கையில் 2009 இல் போர் முடிந்து, கண்ணிவெடி அகற்றி விடப்பட்ட காணிகளிலும் மூடிய பதுங்குகுழி, பாழ்ங்கிணறு, பனங்கூடலின் அடி ஆகிய இடங்களில் வெடிபொருள் கிடக்கலாம். இடிபாட்டுக் குவியலை அலவாங்கால் கிளறாதீர்கள். குப்பையைக் கூட்டி அங்கேயே கொளுத்தவும் வேண்டாம். மண்ணுக்குள் கிடப்பது சூட்டில் வெடிக்கும். இனந்தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல், வந்த காலடியிலேயே திரும்பி, பாதைக்குக் குறுக்கே ஒரு கொப்பைப் போட்டுவிட்டுக் கிராம அலுவலருக்கோ 119 இற்கோ சொல்லுங்கள்.

மரத்துக்குள்ளும் இரும்பு இருக்கும். வன்னிப் பனையிலும் வேம்பிலும் சன்னமும் எறிகணைச் சிதறலும் ஏறிக் கிடப்பதை மர ஆலைக்காரர் நன்றாக அறிவார்கள். ஒரு துண்டு பட்டாலே வாளின் பல்லுப் போய்விடும், சில வேளை தெறித்து ஆளையும் வெட்டும். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, மரத்தின் நான்கு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். காந்தம் காட்டுவது இரும்பை மட்டும்தான். ஈயமும் செம்பும் அகப்படாது. ஆகவே கண்ணாலும் தேட வேண்டும்: பொருக்குக் கட்டிய குழி, அதைச் சுற்றி நீலம் கலந்த கறுப்புக் கறை. சந்தேகமான இடத்தில் வெண்கட்டியால் வட்டம் போட்டு, அதற்கு அரையடி தள்ளிக் கைவாளால் அறுக்க வேண்டும்.

பாலை, முதிரை மரங்களை வேறு ஊருக்கு லொறியில் ஏற்றுவதென்றால், பழைய மரமாக இருந்தாலும் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வழியில் மறித்த பிறகு விளக்கம் சொல்வது வீண் அலைச்சல்.

ஓடு

கூரையைக் கழற்ற வைகாசி முதல் ஆவணி வரை நல்ல காலம். சோளகம் அடிக்கும் நாட்களில் காலையிலேயே ஏறி, காற்று எழும்பமுன் இறங்கிவிடுங்கள். ஐப்பசிக்குள் மீண்டும் மூட முடியாதென்றால் அந்த வருடம் கை வைக்காமல் விடுவது நல்லது. மூன்று நாள் மழை மண்சுவரைக் கரைத்துவிடும்.

முகட்டு ஓட்டின் சாந்தை உளியால் வெட்டித் தொடங்கி, இரண்டு பக்கச் சரிவையும் சமமாக இறக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் வெறுமையாக்கினால் மறுபக்கப் பாரம் பழைய வளையை (உத்திரத்தை) சரித்துவிடும். காலை ஓட்டில் வைக்காமல், கைமரங்களுக்குக் குறுக்கே போட்ட பலகையில் வையுங்கள்.

இறக்கிய ஓட்டை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கி, விரல் மொளியால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது. ‘டப்’ என்று அடங்கினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது. அதைப் புறம்பாக வையுங்கள். பல் உடைந்த ஓடு சத்தத்தில் தேறினாலும் சரிவில் நில்லாது. சந்தேகமானவற்றின் குழிவில் தண்ணீர் விட்டு ஓரிரவு வையுங்கள். அடி ஈரமாக இருந்தால் குற்றமில்லை. சொட்டினால் கூரைக்கு ஆகாது.

அடுத்து, அடிப்பக்க முத்திரையைப் பார்த்துப் பிரியுங்கள். பலரும் கோட்டை விடும் இடம் இது. முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் சுட்ட ஓடும் தெற்கிலிருந்து வந்த ஓடும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஆனால் அச்சு வேறென்றால் ஒன்றுக்குள் ஒன்று சரியாகப் பொருந்தாது. கலந்து போட்டால் பூட்டு இடுக்கால் ஒழுகும். ஒரு முத்திரையை முன்சரிவுக்கும் மற்றதைப் பின்சரிவுக்கும் ஒதுக்குங்கள்.

பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் சுட்ட தோல் போய்விடும், பிறகு பாசி இன்னும் வேகமாகப் பிடிக்கும். 10 லீற்றர் தண்ணீரில் 100 கிராம் குளோரின் தூளைக் கரைத்து ஊற்றி, அரை மணித்தியாலம் விட்டு, பொச்சுமட்டையால் தேய்த்துக் கழுவினால் போதும். இதோடு எந்த அமிலத்தையும் சேர்க்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும். கழுவிய ஓடுகளை நிறுத்தி அடுக்குங்கள். படுக்கையாக அடுக்கினால் அடியிலுள்ளவை பாரத்தில் வெடிக்கும்.

சிலாகை இடைவெளியைப் பழைய அளவிலிருந்து எடுக்காமல், ஓட்டிலிருந்தே எடுங்கள். பத்து ஓடுகளைத் தரையில் கவிழ்த்துக் கொளுவி, முதற்பல்லிலிருந்து பத்தாம் பல் வரை இறுக்கித் தள்ளி ஒருமுறை, இழுத்து நீட்டி ஒருமுறை அளவுங்கள். இரண்டின் நடு அளவை 9 ஆல் வகுத்தால் வருவதே இடைவெளி. பத்தடிக்குப் பத்தடி கூரைக்குச் சுமார் 150 ஓடு பிடிக்கும். அதற்குமேல் பத்து வீதம் கையிருப்பு வையுங்கள்.

உடைந்ததையும் வீசாதீர்கள். இடித்து, மாவரிக்கும் அரிதட்டில் அரித்தால் சுண்ணாம்புச் சாந்துக்கு நல்ல சேர்மானம்: நீற்றிய சுண்ணாம்பு 1, ஓட்டுத்தூள் 1, மணல் 2. கருகச் சுட்டதைவிட இளஞ்சூட்டில் வெந்த ஓட்டின் தூள்தான் சுண்ணாம்போடு நன்றாகப் பிடிக்கும்.

அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட கூரையென்றால் இந்த ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். அறுக்கவோ உடைக்கவோ துளைக்கவோ கூடாது. தண்ணீர் தெளித்து, ஆணியைக் குறட்டால் வெட்டி, முழுத்தகடாக இறக்குங்கள். அதைக் கோழிக்கூட்டுக்குத் துண்டுபோடுவது நெஞ்சுக்குக் கேடு.

பனங்கைமரம்

பனையின் பலம் வெளி வைரத்தில். நடுச்சோற்றி மென்மை, செல் (கறையான்) ஏறுவதும் அதற்குள்தான். சோற்றியைச் செதுக்கி நீக்கிய பழைய பெண்பனைக் கைமரம் காய்ந்த இடத்தில் இருந்தால் தலைமுறை தாண்டும். புதிதாக அறுத்த இளம்பனையை வாங்குவதைவிட, அரைவாசி உக்கிய கிழட்டுப் பனையின் நல்ல அரைவாசி மேல்.

கழற்றும்போதே மேல்முகம் எது, முகட்டுப்பக்கம் எது என்று வெண்கட்டியால் குறியுங்கள். ஆணியை நேரே பிடுங்கப் பார்த்தால் நார் கிழியும். முதலில் ஆணித்தலையில் ஒரு அடி அடித்து ஒரு நூலளவு உள்ளே இறக்குங்கள். கறள் பிடி விடும். பிறகு அலவாங்கின் அடியில் பலகைத்துண்டு வைத்து நெம்புங்கள்.

ஒவ்வொரு அடிக்கும் கூரான திருகாணிச் சாவியால் குத்திப் பாருங்கள். இரண்டு மில்லிமீற்றருக்குமேல் இலகுவாக இறங்கினால் அவ்விடம் உக்கல். பெரும்பாலும் இறப்புப் பக்கத்து (கூரையின் கீழ் ஓரத்து) நுனியிலும், சுவரில் புதைந்த இடத்திலும், உடைந்த ஓட்டுக்கு நேர்கீழேயும் அகப்படும். நல்ல மரம் தொடங்கும் இடத்துக்கு அப்பால் இன்னும் அரையடி தள்ளி அறுத்துவிடுங்கள். உக்கல் கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டி நாரோடு ஓடியிருக்கும். 14 அடி மரம் 11 அடியாகும். பிரதான கூரைக்கு அது எட்டாது, விறாந்தைக் கூரைக்குத் தாராளம். நடுவில் உக்கியதை ஒட்டுப்போட்டுக் கூரையில் ஏற்றவே கூடாது. அது இரண்டு குட்டை மரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யன்னல் குறுக்குக்கம்பு, தட்டு, தண்ணீர்க்குடம் வைக்கும் தாங்கி என்று அவற்றுக்கு வேலை இருக்கிறது. வேலிக்கட்டையாக மட்டும் நடாதீர்கள், மண்ணுக்குள் போனதும் செல்லுக்குச் சாப்பாடு.

நாட்பட்டுத் தொய்ந்த கைமரத்தைக் கூன் மேல்நோக்கி வருமாறு புரட்டி வையுங்கள். ஓட்டுப்பாரம் அதை மெல்ல நேராக்கப் பார்க்கும். ஆனால் தொய்வு பத்தடிக்கு இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் ஓடு பதியாது.

காய்ந்த பனையில் துளையிடாமல் ஆணி அடித்தால் நீளத்துக்குப் பிளக்கும். நாலங்குல ஆணிக்கு 4 மில்லிமீற்றர் துளை, நுனியிலிருந்து மூன்றங்குலமாவது உள்ளே. கையுறை கட்டாயம், பனஞ்சிராம்பு ஏறினால் முறிந்து உள்ளே நிற்கும், புண் சீழ்பிடிக்கும்.

பூச்சிக்கு ஊரில் வழக்கம் கழிவு ஒயிலும் மண்ணெண்ணெயும். மாட்டுக்கொட்டிலுக்குச் சரி. படுக்கும் அறைக்கும் அடுப்படிக்கும் மேலே அது மணமும் நஞ்சும் நெருப்புப் பயமும். வீட்டுக்குள் வைக்கும் மரத்துக்கு 10 லீற்றர் சுடுநீரில் 600 கிராம் போரக்ஸ், 400 கிராம் போரிக் பவுடர் கரைத்து, ஒரு நாள் இடைவெளியில் மூன்று முறை பூசுங்கள். அறுத்த நுனிகளைப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். மழை படுமிடத்தில் இது கரைந்து போய்விடும் என்பதால் இறப்பு நுனிக்கு மட்டும் தார் காய்ச்சிப் பூசலாம்.

திரும்ப வைக்கும்போது நுனியைச் சீமெந்தால் புதைப்பதுதான் அடுத்த உக்கலுக்கு வித்து. அடியில் ஒரு ஓட்டுத்துண்டு, சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி. காற்றுப் பட்டால் மரம் காயும்.

கதவும் நிலையும்

முதிரையா, பாலையா, வேம்பா என்பது பெயின்ற் உரித்த பின்தான் தெரியும். பழைய எண்ணெய்ப் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாக அரத்தாள் போடாதீர்கள், சூடுகாட்டியும் உரிக்காதீர்கள். நீற்றிய சுண்ணாம்பு 3 பங்கு, சலவைச்சோடா 1 பங்கு, தோசைமாப் பதத்தில் குழைத்து அரை அங்குலம் பூசி, பொலித்தீனால் மூடி ஓரிரவு விடுங்கள். காலையில் ஈரத்தோடே சுரண்டலாம். இது தோலை அரிக்கும். றப்பர் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். சுரண்டியதைச் சாக்கில் கட்டி, பிள்ளைகளும் கோழியும் எட்டாத இடத்தில் வையுங்கள். நன்றாகக் கழுவி, வினாகிரி 1 பங்கு தண்ணீர் 4 பங்கால் துடைத்தால்தான் அடுத்த பூச்சு பிடிக்கும். மரம் கொஞ்சம் கறுக்கும். வெளிர் நிறமே வேண்டுமென்றால் சுரண்டியை மட்டும் நம்புங்கள், நேரம் மூன்று மடங்கு. முதிரைத் தூள் சிலருக்குத் தோல் கடியையும் தும்மலையும் கொடுக்கும். முகமூடியோடு வெளியில் வைத்துச் சீவுங்கள்.

நிலையின் கால் உக்கியிருந்தால் முழுநிலையையும் கழற்றத் தேவையில்லை. நல்ல மரம் வரை அறுத்து, ஆறங்குல அரைப்பொருத்தில் (இரண்டு துண்டிலும் பாதித் தடிப்பை வெட்டி ஒன்றோடொன்று பொருத்தி) புதுக்கால் சேர்த்து, நல்ல இடைவெளியில் இரண்டு போல்ற் போடுங்கள். பொருத்தின் வெட்டு வெளிப்பக்கம் சரிய வேண்டும். உட்பக்கம் சரிந்தால் மழைநீர் அதற்குள் தங்கி இரண்டு வருடத்தில் அதே இடத்தில் மீண்டும் உக்கும். காலைத் தரைக்குள் இறக்காமல் கருங்கல் துண்டில் நிறுத்துங்கள்.

பழைய இரட்டைக் கதவுகள் குட்டை. புதுவீட்டு வாசலுக்குக் கதவை நீட்டப் போகாமல், வாசலைக் கதவுக்குச் சுருக்குங்கள். மேலே மிஞ்சும் இடத்தில் பனஞ்சட்டத்தால் ஒரு காற்றுவெளி விடலாம். ஓடாவிக்கு அரைநாள் வேலை. ஒரு பக்கம் மட்டும் தப்பிய கதவு திண்ணைப் பலகைக்கு நல்லது.

பிணைச்சலைக் கழற்றி ஓரிரவு மண்ணெண்ணெயில் போடுங்கள். இறுகிய திருகாணியின் தலையில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை ஒரு நிமிடம் வைத்துவிட்டுத் திருப்பினால் விடும். அகன்ற துளையில் வன்மரக் குச்சியை அடித்து அடைத்துப் புதிதாகத் துளையுங்கள்.

பூச்சுக்கு லின்சீட் ஒயில், முதற்பூச்சுக்கு ரேப்பன்ரைன் சமபங்கு. வேப்பெண்ணெய் காயாது, கை வைத்தால் ஒட்டும். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயவிடுங்கள்.

கல்லும் சுவரும்

மண்சாந்திலும் சுண்ணாம்பிலும் கட்டிய செங்கல் தட்டக் கழலும். சீமெந்தில் கட்டியதைப் பிரிக்க மினக்கெட வேண்டாம். சாந்து பிரியமுன் கல் பிரியும். அடியிலிருந்து மூன்றடி உயரம் வரையுள்ள கற்களைத் தனியே வையுங்கள். ஒன்றைக் கோப்பைத் தண்ணீரில் ஒரு அங்குலம் நிறுத்தி, தண்ணீர் வற்றவிடுங்கள். வெள்ளைப் பூ பூத்தால் உப்பு. நடைபாதைக்கும் பூங்கரைக்கும் போகட்டும். மற்றவற்றில் ஒன்றைக் காயவைத்து எடை பார்த்து, ஒரு நாள் ஊறவிட்டு மீண்டும் நிறுங்கள். 2 கிலோ கல் 2.4 கிலோவுக்குமேல் ஏறினால் பாரம் தாங்கும் சுவருக்கு வேண்டாம்.

மிஞ்சிய மண்சுவருக்குச் சீமெந்துப் பூச்சு பூசுவது அதைக் கொல்லும் வழி. உள்ளே ஏறும் ஈரம் வெளியேற முடியாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கி, ஒரு நாள் மண்ணோடு சேர்ந்து தகடாக விழும். புற்றுமண் 1, மணல் 2, நறுக்கிய வைக்கோல் 1 குழைத்து, மூன்று நாள் புளிக்கவிட்டு, ஓரடிச் சதுரத்தில் முதலில் பூசிப் பாருங்கள். வெடித்தால் மணலைக் கூட்டுங்கள். உதிர்ந்தால் மண்ணைக் கூட்டுங்கள். வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசுவதென்றால் ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஏழு நாளாவது வெயிலிலிருந்து காக்க வேண்டும். ஆடி வெயிலில் ஒரே பகலில் காய்ந்த சுண்ணாம்பு கையோடு மாவாக வரும்.

முதல் மழை இரவில் ரோச் லைற்றோடு உள்ளே நின்று, சொட்டு விழும் இடத்தைத் தரையில் வெண்கட்டியால் குறியிடுங்கள். ஈரம் கைமரத்தில் ஓடி வேறிடத்தில் சொட்டும் என்பதால், சொட்டிலிருந்து முகட்டுப் பக்கமாக மரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனால் உண்மையான ஓடு அகப்படும். மாற்றுவது விடிந்து, கூரை காய்ந்த பிறகு.