சைனிக் பள்ளி நுழைவுத்தேர்வு: சொல் ஒப்புமைக்கு விடை காண்பது எப்படி?

ஆறாம் வகுப்புக்கான சைனிக் பள்ளி நுழைவுத்தேர்வில் நுண்ணறிவுப் பகுதிக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். மொத்த மதிப்பெண் 300. ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 25 சதவீதம் எடுத்தாக வேண்டும் என்பதால், கணக்கை மட்டும் நம்பி இதை ஒதுக்கிவிட முடியாது. இதில் ஒப்புமைக் கேள்விகள் வரும்: முதல் இரு சொற்களுக்கு இடையே உள்ள உறவு அடுத்த இரண்டுக்கும் வரும்படி, விடுபட்ட சொல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றுக்கு என் மகளைத் தயார் செய்த முறை இது.

படி 1. விடைகளைக் கையால் மறைத்துவிட்டு, முதல் இரு சொற்களை வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள்.

தராசு : எடை :: வெப்பமானி : ?

"தராசு எடையை அளக்கும்." இதிலேயே வெப்பமானியைப் போட்டால் வெப்பநிலை தானாக வரும். மறைக்காவிட்டால் காய்ச்சல், பாதரசம் எல்லாமே சரியென்று தோன்றும்.

படி 2. இரண்டு விடைகள் பொருந்தினால் வாக்கியத்தை இறுக்குங்கள்.

விரல் : கை :: இதழ் : ? (செடி, பூ, வண்டு, வாசனை)

"விரல் கையின் பகுதி" என்றால் செடியும் பொருந்தும், பூவும் பொருந்தும். "பல விரல்கள் ஒரு கையில் நேரடியாகச் சேர்ந்திருக்கும்" என்றால் பூ மட்டுமே நிற்கும்.

படி 3. திசை. எங்களை அதிகம் இழுத்தடித்தது இதுதான்.

துணி : நூல் :: நூல் : ? (ஊசி, துணி, பஞ்சு, தையல்)

மகள் "துணி" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். "நூலிலிருந்து துணி வரும்" என்று இரண்டாவது சொல்லிலிருந்து வாக்கியத்தைத் தொடங்கியதுதான் காரணம். முதல் சொல்லில்தான் தொடங்க வேண்டும்: துணி நூலால் ஆனது, நூல் பஞ்சால் ஆனது. முதல் ஜோடிக்குக் கீழே பென்சிலால் ஓர் அம்புக்குறி, அடுத்த ஜோடிக்கும் அதே பக்கம் பார்த்து இன்னொன்று போடச் சொன்னேன். அதன்பின் குழப்பம் தீர்ந்தது. கேள்விக்குறி மூன்றாம் இடத்தில் வந்தாலும் (கொத்தனார் : வீடு :: ? : சட்டை) அம்பு மாறாது, விடை தையல்காரர்.

பயிற்சிக்கு மொபைல் செயலிகள் வேண்டவே வேண்டாம். ஓடும் கடிகாரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வாக்கியம் அமைக்காமலே தொட்டுவிடுகிறார்கள். ஒரு நோட்டில் அவர்களையே கேள்வி எழுதச் சொல்லுங்கள். தவறான விடை மூன்றை யோசித்து எழுதும்போதுதான் பொறி எங்கே இருக்கிறது என்று பிடிபடும்.

பின்சேர்க்கை: தமிழில் தேர்வெழுதும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் கேட்டது இது. புலி : பறழ் :: சிங்கம் : ? "புலியின் குட்டி பறழ்" என்று வாக்கியம் வந்துவிடும், சிங்கக்குட்டிக்கு "குருளை" என்று தெரியாவிட்டால் என்ன செய்வது? இதற்கு விலங்கு, பறவைகளின் குட்டிக்கும் ஒலிக்கும் வழங்கும் மரபுச்சொற்களைப் படித்தே ஆக வேண்டும். ஒலிக்கு: யானை பிளிறும், மயில் அகவும், ஆந்தை அலறும். தெரியாதது வந்தால் கன்று, குஞ்சு என்று பழகியவற்றை அடித்துவிட்டு மிஞ்சியதைக் குறிக்கலாம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எதையும் காலியாக விட வேண்டாம்.